லேடீஸ் யாராவது வர்றாங்களா?

“ஆமாம்மா, நானும் வர்றேன். லேடீஸ்க்குத் தனி டென்ட்தான். பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் இருக்கு, நானே போட்டுப் பாத்திருக்கேன். குடிக்கிற பசங்களா? பென்னி வேன்ல ஏத்த மாட்டான். ஏத்தினா நான் எறங்கிடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய வியாழக்கிழமை மாலை நாகலக்ஷ்மி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, புடலங்காய் நறுக்கியபடியே இதைச் சொல்வார். எதிர்முனையில் யாரோ ஒரு அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் ஒரு பெண் சனிக்கிழமை விடியற்காலையில் வண்டி ஏறிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

பேசி முடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நீல அட்டை போட்ட நோட்டில் எழுதுவார். “தர்ஷினி, செம்பாக்கம். பால் சேராது. இருட்டென்றால் பயம், ஆனால் சொல்ல மாட்டாள்.” இந்தக் கடைசி விஷயத்தை அம்மாக்கள் பேச்சின் முடிவில்தான் சொல்வார்கள். “சரி மேம், வெச்சிடறேன்” என்று சொன்ன பிறகு, வைக்காமல், ஒரு மூச்சு விட்டுச் சொல்வார்கள். அதனால் நாகலக்ஷ்மி எந்த அழைப்பையும் முதலில் துண்டிக்க மாட்டார். எதிர்முனை முழுக்க அடங்கும்வரை காதிலேயே வைத்திருப்பார்.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. முடிச்சூரில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு. இரண்டாயிரத்துப் பதினைந்தில் வெள்ளம் கழுத்தளவு ஏறிய வீடு அது. அதற்குப் பிறகு முக்கியமான எதையும் அவர் கீழே வைப்பதில்லை. சான்றிதழ்கள், நகைப்பெட்டி, தையல் மெஷினின் தலை எல்லாம் பரண்மேல் இருக்கின்றன. பதினொரு மாதம் மட்டும் நீடித்த ஒரு திருமணத்தின் ஆல்பமும் அங்கேதான். கீழ்க்கட்டளையில் அண்ணன் இருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாகலக்ஷ்மி அங்கே போய்வருவார். அண்ணி வாசல்வரை வந்து வழியனுப்புவாள். மறுபடி எப்போது வருகிறாய் என்று கேட்பதில்லை.

வேலை, வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியின் நூலகத்தில். இருபத்தாறாயிரம் புத்தகங்கள், நான்கு ஏசி. மாணவர்கள் ஏசிக்காக வருகிறார்கள். தலையை மேசையில் சாய்த்துத் தூங்குகிறார்கள். வகுப்பு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நாகலக்ஷ்மி ஒவ்வொரு மேசையாகப் போய், விரல் கணுவால் மெதுவாக இரண்டு தட்டு தட்டுவார். சில நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அந்தத் தட்டல்தான் அவர் அடுத்தவரோடு பேசிய பேச்சு.

மலையேற்றம் அவர் தேடிப்போனதல்ல. நான்கு வருஷத்துக்கு முன், நூலகத்தில் தூங்கும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கண்டிகோட்டா போக வேண்டும், வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள், “லேடீஸ் யாராவது வர்றாங்களா?” என்று அம்மா கேட்கிறாள், நீங்கள் வருகிறீர்கள் என்று ஒரு பொய் மட்டும் சொல்லிவிடுங்கள் மேம் என்றார்கள். நாகலக்ஷ்மி யோசித்தார். “பொய் எதுக்கு? வர்றேன்” என்றார். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு அது சந்தோஷமான செய்தியாக இல்லை.

ஆனால் போனார். கூட்டிப்போனவன் பென்னி. இரும்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, வாரக்கடைசியில் வேனில் ஆட்களைச் சுற்றுலா அழைத்துப்போகும் முப்பது வயதுக்காரன். வழியெல்லாம் அந்த இரண்டு அம்மாக்களும் நாகலக்ஷ்மிக்கே போன் செய்ததையும், அவர் சலிக்காமல் பதில் சொன்னதையும் கவனித்துவிட்டான். அடுத்த மாதம் அவன் போஸ்டரில் “லேடி கோஆர்டினேட்டர் உண்டு” என்ற வரியும் அவருடைய நம்பரும் வந்தன. பெண்களின் சீட்டுகள் நிறைந்தன. நாகலக்ஷ்மியிடம் சீட்டுக்குக் காசு வாங்குவதை அவன் நிறுத்திக்கொண்டான். அவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கண்டிகோட்டா ஆந்திராவில், கடப்பையைத் தாண்டி இருக்கிறது. தாம்பரத்திலிருந்து எட்டு மணி நேரம். பழைய கோட்டைக்குள் ஒரு சின்ன ஊர், ஊருக்குப் பின்னால் பாறைகள். கையும் காலும் ஊன்றிக் கொஞ்சம் ஏறினால், திடீரென்று முன்னால் தரை இல்லாமல் போகும். செங்கல் அடுக்கியதுபோல் இருபுறமும் சிவப்புப் பாறை, நடுவே எங்கோ கீழே பச்சையாகப் பெண்ணாறு. விளிம்பில் கம்பி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்க் காலைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் உட்கார்வார்கள். நாகலக்ஷ்மி மட்டும் உட்கார மாட்டார். சுடிதார்மேல் முழுக்கைச் சட்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் ஒரு விசில். பெண்கள் வரிசைக்குப் பக்கவாட்டில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சூரியன் எவ்வளவு இறங்கியது என்பதை அவர்கள் முகத்தின் நிறத்திலிருந்து சொல்லிவிடுவார்.

அப்புறம் கோட்டையின் பழைய தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாறைமேல் ஏறுவார். அங்கே வந்தால் எல்லோருடைய பெரிய போன்களும் ஊமையாகிவிடும். அவருடைய பட்டன் போனில் மட்டும், அந்தப் பாறைமேல் நின்றால், இரண்டு கோடு சிக்னல் தெரியும். நோட்டைப் பிரித்து ஒவ்வொரு அம்மாவிடமும் பேசுவார். “மத்தியானம் மூணு சப்பாத்தி சாப்ட்டா. நாலாவது வேணாம்னுட்டா. வாமிட் எல்லாம் இல்ல. கால்ல சின்னச் சிராய்ப்பு, மருந்து போட்டாச்சு.” தான் பார்க்காத எதையும் சொல்ல மாட்டார். அம்மாக்களுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. சிலர் அவரிடம் மகளைப் பற்றிக் கேட்டு முடித்தபின் மாமியாரைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தி தன் முதுகுவலியைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். பாறைமேல் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாகலக்ஷ்மிக்கு மொத்தமாக இருட்டிப்போனது தெரியவில்லை.

திங்கட்கிழமை அந்த அழைப்புகள் நின்றுவிடும். மகள் வீட்டுக்கு வந்தபின் கோஆர்டினேட்டரிடம் பேச யாருக்கும் ஒன்றுமில்லை. அது நியாயம்தான் என்று அவர் நினைப்பார். அடுத்த பயணத்துக்கான வியாழக்கிழமை எத்தனை நாளில் வருகிறது என்றும் நினைப்பார்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை ஊரில் ஒரு செல்போன் கோபுரம் எழுந்தது. இப்போது விளிம்பில் உட்கார்ந்தபடியே பெண்கள் அம்மாக்களுக்கு வீடியோ கால் போட்டுப் பள்ளத்தைக் காட்டுகிறார்கள். வண்டி எந்தப் பெட்ரோல் பங்கில் நிற்கிறது என்பது செம்பாக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு வரைபடத்தில் தெரிகிறது. செப்டம்பரில் நான்கு அம்மாக்கள் பேசினார்கள். அக்டோபரில் இரண்டு. இந்த டிசம்பர் பயணத்துக்கு எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை நாகலக்ஷ்மி புடலங்காய் முழுவதையும் நறுக்கி முடித்தார். யாரும் கூப்பிடவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஜெராக்ஸ் கடையில் இறங்கினார். பென்னி யாருடைய ஆதார் அட்டையையோ முன்னும் பின்னுமாக நகலெடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒல்லியாக, முடியை உயர்த்திக் கட்டிய ஒரு பெண்.

“ஆன்ட்டி, இது ரேஷ்மா. மவுண்டனியரிங் கோர்ஸ் முடிச்சிருக்காங்க. ஃபர்ஸ்ட் எய்டு சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கு. இனிமே நம்ம லேடி லீட்.”

ரேஷ்மா எழுந்து நின்று, “உங்களப் பத்தி நெறைய சொன்னாரு மேம்” என்றாள். நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி” என்றான் பென்னி, மெஷினைப் பார்த்தபடி. “சின்ன வண்டி. ஒரு சீட்டுன்னாலும் சீட்டு. நாளைக்கு வாங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல. அடுத்ததுலேருந்து பாத்துக்கலாம்.”

நூலகத்துக்குப் புது மேசை கேட்டபோதும் கல்லூரி முதல்வர் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னார். அது ஏழு வருஷமாகிறது. நாகலக்ஷ்மி தோள்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “யாராவது அம்மா, நான் வந்தாத்தான் அனுப்புவேன்னு கேட்டா?” என்றார்.

“கேட்டா கண்டிப்பா ஆன்ட்டி. ஒரே ஒருத்தங்க கேட்டாக்கூட உங்க சீட்டு உங்களுக்குத்தான். இப்பல்லாம் யாரு கேக்கறா சொல்லுங்க?” என்று சிரித்துவிட்டு, ஆட்களைச் சரிபார்க்கும் பட்டியலை வழக்கம்போல் அவர் கையில் கொடுத்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில் வேன் நின்றது. ரேஷ்மா எல்லோருக்கும் நம்பர் கொடுத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி கிளம்புமுன் அவரவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “பதினெட்டு” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வரும். அதற்கடுத்து நாகலக்ஷ்மி “பத்தொம்பது” என்பார்.

பதினெட்டாம் நம்பரின் பெயர் ஆஷா. இருபத்துமூன்று வயது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. மற்ற பெண்கள் இரண்டும் மூன்றுமாக வந்திருந்தார்கள். ஆஷா தனியாக வந்திருந்தாள். வண்டி ஏறும்போதே பென்னியிடம், “அண்ணா, என் போட்டோவ மட்டும் இன்ஸ்டால போட்டுடாத” என்றாள். அவன் சரி என்றான். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கோட்டையிலிருந்து பாறைகளுக்கு நடக்கும்போது நாகலக்ஷ்மி வழக்கம்போல் எல்லோரையும் முன்னால் விட்டுக் கடைசியில் நின்றார். ரேஷ்மா வந்து, “நீங்க நடுவுல போங்க மேம், லாஸ்ட்டு நான் வர்றேன்” என்றாள். இருபத்தாறு தடவை கடைசியாக நடந்தவருக்கு நடுவில் நடக்கத் தெரியவில்லை. முன்னால் போகிறவர்களின் வேகத்துக்கு எட்டவில்லை. பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு தாண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் ஆஷாவும் மட்டும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

“எத்தினி வாட்டி வந்துகீறீங்க ஆன்ட்டி?”

“இதோட இருபத்தேழு.”

“யப்பா! ஒரே பள்ளத்தயா? பேஜாரா இல்ல?”

“பள்ளத்தப் பாக்க எங்க நேரம்? உங்களப் பாக்கவே சரியா இருக்கு.”

ஆஷா சிரித்தாள். ஒரு பாறையைப் பிடித்து ஏறி, திரும்பி அவருக்குக் கை கொடுத்தாள். நாகலக்ஷ்மிக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை. அவர்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்.

“தை பொறந்தா எனக்குக் கல்யாணம்” என்றாள் ஆஷா. “மாப்ள வூடு ஸ்ரீபெரும்புதூரு. நாலு நாத்தனாரு. அதுக்கு முன்னாடி பெருசா ஒண்ணு பாத்துடணும்னு இருந்திச்சி. எது கண்ணுக்கு எட்டாத பெருசுன்னு போன்ல தேடினே இருந்தேன். இது வந்துச்சி.”

“வீட்ல தனியா எப்படி விட்டாங்க?”

“வுட்டாங்க” என்று சொல்லிவிட்டு ஆஷா அடுத்த பாறைக்குத் தாவினாள்.

நான்கு வருஷம் அம்மாக்களோடு பேசிய ஒருவர் அந்த ஒற்றைச் சொல்லிலேயே நின்றிருக்க வேண்டும். நாகலக்ஷ்மியின் மனம் வேறு இடத்தில் இருந்தது. ஒரே ஓர் அம்மா கேட்டால் போதும் என்ற பேச்சு விடியற்காலையிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்குச் சூரியன் எதிர்ப்பாறையின் தலைக்குமேல் வந்து நின்றது. பாறைகள் செம்மண் நிறத்திலிருந்து நெருப்பு நிறத்துக்கு மாறின. பெண்கள் வரிசையாக விளிம்பில் உட்கார்ந்து போனை உயர்த்தினார்கள். ஆஷா மட்டும் போனை எடுக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷ்மா விளிம்போரமாக நடந்து, பின்னால் தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டு போனாள். நாகலக்ஷ்மி நிற்க வேண்டிய இடத்தில் நாகலக்ஷ்மிக்கு வேலை இல்லை. அவர் தன் பழைய பாறைக்குப் போய், பென்னி கொடுத்த பட்டியலைப் பிரித்தார். அழைக்காத அம்மாக்களை அவரே அழைத்தார்.

முதலில் சின்மயியின் அம்மா. “ஓ, கோஆர்டினேட்டரா? அவ இப்பத்தான் மேம் வீடியோ கால்ல இருந்தா. எனி ப்ராப்ளம்?”

“இல்லம்மா, சும்மாதான். நல்லா இருக்கான்னு சொல்லலாம்னு…”

“தெரியுமே” என்றாள் அந்த அம்மா. கோபமில்லை. வைத்துவிட்டாள்.

இரண்டாவது அம்மா எடுத்து, பதறி, மகளுக்கு என்ன ஆயிற்று என்று மூன்று தடவை கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று புரிந்ததும் பதற்றம் எரிச்சலானது. “அப்பறம் எதுக்கு மேம் இந்த நம்பருக்குப் பண்றீங்க?” என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதாகப் பட்டியலின் கடைசிப் பெயருக்குப் போனார். ஆஷா. அம்மா, எல்லம்மா.

“அலோ, யாரு?”

“ஆஷாவோட அம்மாங்களா? நான் நாகலக்ஷ்மி பேசறேம்மா. ட்ரிப்புல கூட வந்திருக்கேன். ஆஷா நல்லா இருக்கா. மத்தியானம் நல்லா சாப்ட்டா. இப்ப மலை விளிம்புல உக்காந்து சூரியன் எறங்கறதப் பாத்துட்டு இருக்கா.”

எதிர்முனையில் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “எந்த மல?” என்றாள் எல்லம்மா.

“கண்டிகோட்டாம்மா. ஆந்திரா.”

டிவி சத்தம் குறைந்தது. அந்த மௌனத்தில் நாகலக்ஷ்மிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வுட்டாங்க என்ற ஒற்றைச் சொல், போட்டோ வேண்டாம் என்றது, எடுக்காத போன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதிர்முனையில் ஓர் ஆண்குரல் தூரத்திலிருந்து கேட்டது. “யாருடி அது? பாப்பாவா? ட்ரெயினிங் முட்ஞ்சிச்சாமா?”

“பாப்பா இல்லப்பா. யாரோ இன்சூரன்ஸ் போடச் சொல்லி உசுர எடுக்குறாங்க” என்றாள் எல்லம்மா. இணைப்பு அறுந்தது.

நாகலக்ஷ்மி பாறையிலிருந்து இறங்கினார். விளிம்புக்கு வந்தபோது சூரியனில் பாதிதான் மிச்சமிருந்தது. ஆஷாவின் முகம் முழுக்கச் செம்பு நிறமாக இருந்தது. சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்றார். மீதியும் இறங்கி, பாறைகள் சாம்பல் நிறமாகி, எல்லோரும் கைதட்டி முடிக்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்.

“ஆஷா, நான் உங்க அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன்.”

“எந்த அம்மாக்கு?”

“உங்க அம்மாவுக்கு.”

ஆஷா எழுந்து நின்றாள். “இன்னாது? யாரு உங்கள பண்ணச் சொன்னா? அது எமர்ஜென்சி நம்பரு ஆன்ட்டி. நான் செத்தா பண்ண வேண்டிய நம்பரு. நான் உசுரோடதான கீறேன்?”

“தப்புதான்மா.”

“காஞ்சிபுரத்துல ஆபீஸ் ட்ரெயினிங்னு சொல்லிகினு வந்துகீறேன். எங்கப்பாக்கு தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா? கல்யாணம் நிக்கும். வேலைக்குப் போறது நிக்கும்.” அவள் குரல் உடைந்தது. “உங்களுக்கு இன்னா ஆன்ட்டி வந்துச்சி? வேற வேல இல்லியா?”

“இல்ல” என்றார் நாகலக்ஷ்மி.

அவர் வேறொன்றும் சொல்லத் தெரியாமல்தான் அதைச் சொன்னார். ஆஷா அவரையே ஒரு நொடி பார்த்தாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒட்டாமலிருந்த மற்ற பெண்களின் கூட்டத்தை நோக்கி வேகமாக நடந்துவிட்டாள்.

இரண்டாவது அம்மா அதற்குள் பென்னிக்குப் போன் செய்திருந்தாள். கூடாரங்கள் இருந்த வெளிக்குத் திரும்பியதும் அவன் வந்து நின்றான். அதட்டவில்லை. “அந்த லிஸ்ட்ட குடுத்துடுங்க ஆன்ட்டி” என்று கையை மட்டும் நீட்டினான். நாகலக்ஷ்மி கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஒரே ஓர் அம்மா கேட்டால்கூட என்று அவன் கொடுத்திருந்த வாக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஏழு மணிக்கு நெருப்பு மூட்டினார்கள். பையன்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து, ஒருவர் நடிக்க மற்றவர் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆடினார்கள். ஆஷா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். போனை உயிர்ப்பிப்பதும் அணைப்பதுமாக இருந்தாள். நாகலக்ஷ்மி வெளிச்சத்துக்கு வெளியே, கூடாரக் கயிறு கட்டிய ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. இந்தப் பயணத்தில் அது அடித்தது அதுவே முதல் தடவை. இரண்டாவது மணிக்குள் எடுப்பவர், நம்பரைப் பார்த்துவிட்டு நாலாவது மணிவரை எடுக்கவில்லை.

“அக்கா, மாடில நின்னுகினு பேசுறேன்.” எல்லம்மாவின் குரல் ரகசியமாக இருந்தது. “அவரு டீ குடிக்கப் போய்கீறாரு. இப்ப சொல்லு. எம்பொண்ணு நெசமா அங்கதான் கீறாளா?”

“இருக்காம்மா. என் கண்ணு முன்னாடிதான் இருக்கா.”

“கூட எவனாச்சும் கீறானா?”

“இல்ல. தனியாத்தான் வந்திருக்கா. பாறைக்கு என்கூடத்தான் நடந்து வந்தா.”

“சத்தியமா?”

“நான் பாக்காததச் சொல்ல மாட்டேம்மா.”

எல்லம்மா மூச்சு விட்டாள். “பின்ன இன்னாத்துக்குப் போனா? அங்க இன்னா கீது?”

நாகலக்ஷ்மி இருட்டைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தேழு பயணங்களில் யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. “பள்ளம்மா. பெரிய பள்ளம். ரெண்டு பக்கமும் செவப்புப் பாறை. அடியில ஆறு. இந்தக் கரையிலேருந்து கத்தினா அந்தக் கரைக்குக் கேக்காது.”

“பள்ளத்தப் பாக்கவா இம்மாம் பொய்யி?”

“கல்யாணத்துக்கு முன்னாடி பெருசா ஒண்ணு பாக்கணும்னு சொன்னா.”

ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் அந்த மாடியிலிருந்து இங்கே வந்தது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நாகலக்ஷ்மி எண்ணினார். ஆனாலும் காதிலேயே வைத்திருந்தார்.

“எங்கிட்ட கேட்டிருந்தா வுட்டிருக்க மாட்டேன்க்கா” என்றாள் எல்லம்மா, கடைசியில். “நீ கீறன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா… வுட்டிருப்பனோ இன்னாவோ.”

“அவ பயந்துபோய் சாப்டாம உக்காந்திருக்காம்மா. என்ன சொல்லட்டும்?”

“அப்பாக்குத் தெரியாதுன்னு சொல்லு. எனக்குத் தெரியும்னும் சொல்லு. நாளிக்கி வூட்டுக்கு வரட்டும், என் கையால நல்லா வாங்குவா. இப்ப துன்னச் சொல்லு. வெக்காத, லைன்லயே இரு.”

நாகலக்ஷ்மி எழுந்து நெருப்பருகே போனார். பெண்களுக்குப் பின்னால் குனிந்து, ஆஷாவின் காதில் அந்த இரண்டு விஷயங்களையும் அப்படியே சொன்னார். ஆஷா திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் இறங்கியது. கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறிப்போன சாதத்தைப் பிசைய ஆரம்பித்தாள். நாகலக்ஷ்மி வந்த வழியே இருட்டுக்குத் திரும்பினார்.

“சாப்பிடறாம்மா.”

“ம்.”

எதிரே பையன்களில் ஒருவன் எழுந்து யானைபோல் நடக்க முயன்று, கூடாரக் கயிறு தடுக்கி, குப்புற விழுந்தான். கூட்டம் முழுவதும் கத்தியது. அந்தக் கூச்சல் அடங்கிய பிறகும் ஒரு சிரிப்பு மட்டும் நிற்காமல், வாயில் சோற்றோடு, மூச்சு முட்ட, தனியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“இன்னா சத்தம் அது?” என்றாள் எல்லம்மா.

“உங்க பொண்ணும்மா. சிரிக்கறா.”

“சரியா கேக்கலியே.”

நாகலக்ஷ்மி நெருப்பை நோக்கி நாலு எட்டு வைத்தார். வெளிச்சம் தன்மேல் படாத இடத்தில் நின்றுகொண்டார். போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டி, சிரிப்பு வரும் திசையில் பிடித்தார். கை கடுத்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.